சாயம் பிடித்ததும் பிடிக்காததும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குச் சாயப்பட்டறை. கொதிக்கிற அண்டாவில் பட்டுநூலை முக்கித் திருப்பும்போதே அரக்கு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். என் 44 வயதில், மார்பில் இருந்த கட்டியைக் கிள்ளியெடுத்து, அந்தத் துணுக்குக்கும் சாயம் போட்டுப் பார்த்தார்கள்.

பார்ப்பது மூன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தால் உயிரணுவின் கரு பழுப்பாகும். ஹெர்2 புரதம் மிகுந்திருந்தால் ஓரம் பழுப்பாகும். ஹெர்2 மட்டும் 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்தால், ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை.

எனக்கு முதல் இரண்டும் பிடித்திருந்தன. பக்கத்துக் கட்டிலில் 36 வயதுத் தறிக்காரப் பெண். அவளுக்கு மூன்றுமே இல்லை. அவள் கணவர் ரிப்போர்ட்டோடு ஓடிவந்தார். "மூணும் நெகட்டிவ்மா! வரதர் காப்பாத்திட்டாரு." கோயில் இட்லியை எனக்கும் பிட்டுக் கொடுத்தார். நர்ஸம்மா அவரை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார்: "நோய் இல்லேன்னு அர்த்தமில்லைங்க. குறிவெச்சு அடிக்கிற மருந்துக்கு அதுல பிடி இல்லேன்னு அர்த்தம்."

என் வகைக்கு டாமாக்சிஃபென் மாத்திரை உண்டு. ஐந்து ஆண்டு விடாமல் சாப்பிட்டால் மார்பகப் புற்றால் சாகும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஹெர்2 வகை ஒரு காலத்தில் டாக்டர்களே பயந்த வகை. 1998-இல் ட்ராஸ்டுசுமாப் ஊசி வந்த பிறகு அதன் தலையெழுத்தே மாறியது. மூன்றும் இல்லாத ட்ரிபிள் நெகட்டிவுக்கு முக்கிய ஆயுதம் கீமோதான். மேலைநாடுகளில் மார்பகப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு இருக்கும் இந்த வகை, இந்திய ஆய்வுகளில் ஏறக்குறைய 30 பேருக்கு.

ஐந்து ஆண்டு கடந்து வாழ்பவர்கள் எத்தனை பேர்? அமெரிக்கப் பதிவேட்டின்படி, ஹார்மோன் மட்டும் பாசிட்டிவ் என்றால் நூற்றுக்குச் சுமார் 95. ட்ரிபிள் நெகட்டிவில் சுமார் 78. ஆனால் அதே ட்ரிபிள் நெகட்டிவ் மார்போடு நின்றிருந்தால் 90-ஐத் தாண்டுகிறது. உடலில் பரவிவிட்டால் 15 அளவுக்கு விழுகிறது. ரகத்தைப் போலவே, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்பதும் கணக்கில் வரும். நம் ஊரில் கட்டியை மறைத்தே மாதங்கள் போய்விடுகின்றன. 1969-இல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் காரப்பேட்டையிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. போனால், ரிப்போர்ட்டில் அந்த மூன்று வரியும் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தறிக்காரப் பெண்ணுக்கு முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். அறுத்தெடுத்த திசுவில் புற்று மிச்சமில்லை. அந்த வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பும். ஐந்து தாண்டினால் அபாயம் வெகுவாகக் குறையும். என் வகை மெதுவானது. இருபது ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம். அதனால் ஐந்து ஆண்டு முடிந்தும் எனக்கு மாத்திரை தொடர்கிறது.

போன வைகாசிக் கருடசேவைக் கூட்டத்தில் என் கையைப் பிடித்தாள். ஏழு வருஷமாகிவிட்டது. "உங்களுக்கு நல்ல ரகம்னு அப்போ எவ்ளோ பொறாமைப்பட்டேன் தெரியுமாக்கா?"

சிரித்துக்கொண்டே பையைத் திறந்து அன்றைய மாத்திரையை எடுத்தேன். தன் தண்ணீர் பாட்டிலை அவள்தான் நீட்டினாள்.