மலைக்கு அந்தப் பக்கம் திராட்சை

டோம்பிவிலித் தமிழ்க் குடும்பங்களுக்கு லீவு என்றால் ஊர்தான். மே மாதம் கல்யாண் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறுவோம். ஜூனில் அப்பளமும் மாவடுவும் சுமந்து திரும்புவோம். நம் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் தெரியும், ஊட்டி தெரியும். அதே மேற்குத் தொடர்ச்சி மலை, சுமார் 1,600 கி.மீ. நீண்டு வந்து, கல்யாணைத் தாண்டியதும் சஹ்யாத்ரி என்ற பெயரில் எழுந்து நிற்கிறது என்பதை மட்டும் நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. இரண்டு நாள் விடுமுறையும் ஒரு காரும் இருந்தால் போதும். நாங்கள் நால்வர், பிப்ரவரி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு போய் வந்தோம். அவசரமே இல்லாத பயணம்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் முர்பாடில் சிற்றுண்டி. அங்கிருந்து சாலையின் இரு புறமும் அறுவடை முடிந்த நெல்வயல்கள். ஆதிவாசிப் பெண்கள் கூடையில் இலந்தைப் பழம் வைத்து விற்கிறார்கள். மே மாதம் என்றால் அதே இடத்தில் களாப்பழம். கொஞ்ச தூரத்தில் மால்ஷேஜ் காட் ஆரம்பம். மழைக்காலத்தில் அருவி பார்க்க இங்கே கூட்டம் அலைமோதும். பாறை சரிவதும், பனிமூட்டத்தில் எதிர்வண்டி தெரியாமல் போவதும் அப்போதுதான். பிப்ரவரியில் மலை காய்ந்து, பாறைகள் வரி வரியாகத் தெரியும். ஓரமாக நிறுத்திக் கீழே கொங்கணத்தைப் பார்க்கலாம். வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சஞ்சாதத்துக்கும் ஏற்ற இடம்.

மேலே ஏறியதும் ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இதுவரை ஏறினோம், இனி அதே அளவு இறங்கப் போவதில்லை. மேலே விரிந்து கிடப்பது தக்காணப் பீடபூமி. அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் இந்தச் சுவரில் மோதி, பெரும்பாலான மழையை நம் பக்கத்திலேயே கொட்டிவிடுகின்றன. கிழக்கே போகப் போக மழை குறைகிறது. பூமி வறண்டது என்று நினைத்தால் தவறு. பழம் பழுக்கும் நேரத்தில் மழையை விரும்பாத பயிர் ஒன்று உண்டு. அதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அதுதான் திராட்சை.

ஓதூர் பக்கம் பிரிந்து ஜுன்னர் போகிறோம். 1630-ல் சிவாஜி மகாராஜா பிறந்த சிவநேரிக் கோட்டை இங்கேதான். பக்கத்தில் லேண்யாத்ரி. மலையில் குடைந்த பௌத்தக் குகைகளில் ஒன்றிலேயே பிள்ளையார் குடியிருக்கிறார்; அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்று. படிகள் முந்நூறுக்கு அருகில். முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறவும். நேரமிருந்தால் ஜுன்னரிலிருந்து நானேகாட் வரை காரிலேயே போகலாம். சாதவாகனர் காலத்தில் கல்யாண் துறைமுகத்துக்கும் ஜுன்னருக்கும் இடையே வணிகர்கள் நடந்த கணவாய் அது. அரசி நாகநிகாவின் பிராமிக் கல்வெட்டு குகைச் சுவரில் இருக்கிறது. வாசலில் ஒரு பெரிய கல்ஜாடி. சுங்கக் காசு அதில்தான் போட்டார்கள் என்கிறார்கள். டோல் கட்டணம் நமக்குப் புதிதல்ல!

நாராயண்காவ் பக்கம் வந்தபோது சாலையோரத் தோட்டம் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். ஒய் வடிவக் கம்பங்களில் கம்பி கட்டி, கொடிகளை ஏற்றியிருந்தார்கள். இலைகளுக்குக் கீழே வரிசையாகப் பச்சைக் குலைகள். தோட்டக்காரர் வயதானவர். "காகா, உள்ளே பார்க்கலாமா?" என்று மராத்தியில் கேட்டதும், "செருப்போடு வராதீர்கள், அவ்வளவுதான்" என்றார்.

என் மனைவி கம்பம் பள்ளத்தாக்குப் பெண். காமயகவுண்டன்பட்டியில் அவள் மாமாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. அவள் கேட்ட முதல் கேள்வி: "வருஷத்துக்கு எத்தனை அறுவடை?"

"ஒன்றுதான்."

"எங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஐந்து எடுப்பார்கள்."

காகா அவளை நம்பாமல் பார்த்தார். பிறகு இருவரும் பேசிக்கொண்டதை நான் ஓரமாக நின்று கேட்டேன். இங்கே கவாத்து இரண்டு முறை. ஏப்ரலில் வெட்டுவது கொடியைத் தயார் செய்ய. அக்டோபர் வாக்கில் வெட்டுவது காய்க்கு. அதிலிருந்து நாலு மாதம் போல ஆகும் பழம் பறிக்க. கம்பத்தில் குளிர் குறைவு. கொடி ஓய்வே எடுப்பதில்லை. வெட்டும் மாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால், வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அதுவும் இதே மலையின் மழை மறைவுப் பகுதிதான். அங்கே முல்லைப் பெரியாறு தண்ணீர் தருகிறது. இங்கே அணைகளும் கிணறுகளும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; நாசிக் திராட்சைக்கு அதற்கு முன்பே உண்டு.

"உங்கள் மாமா கொடுத்து வைத்தவர். ஒன்று போனால் அடுத்தது. எங்களுக்கு ஒரே சீட்டு" என்றார் காகா. பூக்கும் சமயம் மழை வந்தால் பூ உதிரும், அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். பழுக்கும் சமயம் வந்தால் பழம் வெடித்துவிடும். முந்தைய வருஷம் டிசம்பரில் மூன்று நாள் பெய்த மழையில், தமக்குப் பாதிக்கு மேல் போனது என்றார். மருந்துக் கடைக் கடன் மட்டும் போகவில்லை. வெளிநாட்டுக்கு, முக்கியமாக நெதர்லாந்துக்கு, கப்பலேறும் பழத்துக்குக் குலையின் அளவு, பழத்தின் பருமன், மருந்து எச்சம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அதில் தேறாதது உள்ளூர்ச் சந்தைக்கு.

எங்கள் வீட்டு மூத்தவன் அதுவரை செல்போனில் இருந்தான். "அப்போ நாம ஸ்டேஷன் வாசலில் வாங்கறது?" என்று கேட்டான். "அதிலே இதுவும் இருக்கலாம்" என்றாள் அவன் அம்மா.

இரவு நாராயண்காவில் தங்கல். பக்கத்தில் கோடத் கிராமத்தை மையமாக வைத்து ராட்சத ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், சுற்றுவட்டாரத்தில் சிதறி நின்று வானத்தைக் கேட்கின்றன. அமைத்தவர் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். 1970-ல் நம் ஊட்டி மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி நிறுவியவரும் அவரே. தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28-ஐ ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுவது வழக்கம், விசாரித்துக்கொண்டு போகவும்.

மறுநாள் ஆளேபாட்டா, சங்கம்நேர் வழியாக வடக்கே. சங்கம்நேர் பக்கம் மாதுளைத் தோட்டங்கள். சின்னரிலிருந்து நாசிக் போனால் திண்டோரி, பிம்பள்காவ் வரை திராட்சை உலகம் விரியும். நேரம் இல்லாதவர்கள் கோட்டி வழியாக இகத்புரி வந்துவிடலாம். 2025 ஜூனில் முழுவதும் திறந்த சம்ருத்தி நெடுஞ்சாலை, இகத்புரி அருகே சுமார் 8 கி.மீ. சுரங்கத்தில் புகுந்து நம்மைச் சீக்கிரம் கீழே இறக்கிவிடும். ஆனால் மலை தெரியாது. நாங்கள் பழைய கஸாரா காட் வழியே வந்தோம்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் சிறந்தது. பழத்தைத் தோட்டத்திலேயே எடை போட்டு வாங்குங்கள். காகா எங்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு வாங்கினார் என்பதை இங்கே எழுதவில்லை. நீங்கள் போய்க் கேட்டு, பிறகு நம் மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் மனைவி அவரிடம் பேரம் பேசவில்லை. திருமணமான இருபது வருஷத்தில் இதுவே முதல் தடவை.