வெள்ளித் தட்டும் நூற்றியிருபத்தெட்டுப் பெண்களும்

"மூன்று செட் விளையாடுபவருக்கும் ஐந்து செட் விளையாடுபவருக்கும் ஒரே காசா? இது என்ன நியாயம்?"

2023 ஜூலை 16 இரவு, விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியை முழுவதும் பார்த்து முடித்துவிட்டு நானா கேட்ட கேள்வி இது. அல்கராஸும் ஜோகோவிச்சும் அன்று 4 மணித்தியாலம் 42 நிமிடம் விளையாடினார்கள். அதற்கு முதல் நாள் நடந்த பெண்கள் இறுதிப் போட்டியோ 1 மணித்தியாலம் 20 நிமிடத்தில் முடிந்திருந்தது. இரண்டிலும் வென்றவருக்குப் பரிசு ஒன்றுதான்: 23 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். எனக்கு உடனே பதில் வரவில்லை. முதல் நாள் தோல்வியின் கவலையே இன்னும் போகாத நேரம் அது. பதிலைத் தேடிப் படித்தபோது, நான் ஆவலோடு பார்த்து வந்த இந்தப் பெண்கள் ஒற்றையர் தொடரைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பது விளங்கியது. படித்ததை இங்கே எழுதுகிறேன்.

விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் தொடரில் 128 பேர் விளையாடுவார்கள். தோற்றால் வெளியே, இரண்டாவது வாய்ப்பு இல்லை. 128 பேர் 64 ஆகி, 32 ஆகி, இப்படியே பாதி பாதியாகக் குறைந்து இரண்டு வாரத்தில் ஒருவர் மிஞ்சுவார். அவர் ஏழு போட்டிகளை வென்றிருப்பார். மொத்தப் போட்டிகள் எத்தனை என்று எங்கள் கணித ஆசிரியை கேட்டால் கூட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு போட்டிக்கு ஒருவர் வெளியேறுகிறார், 127 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 127.

இந்த 128 இடங்களில் பெரும்பாலானவை உலகத் தரவரிசைப்படி கிடைப்பவை. 16 இடங்களைத் தகுதிகாண் சுற்றில் வென்று பிடிக்க வேண்டும். ரோஹாம்ப்டன் என்ற இடத்தில், பெரிய அரங்குகளின் ஆரவாரம் எதுவும் இல்லாமல், தொடருக்கு முந்திய வாரம் அந்தச் சுற்று நடக்கும். மூன்று போட்டிகளை வென்றால்தான் பிரதான தொடரின் வாசலுக்கே வரலாம். மீதிச் சில இடங்கள் ஏற்பாட்டாளர் விரும்பிக் கொடுக்கும் 'வைல்ட் கார்ட்'. இதைச் சலுகை என்று இலேசாக எண்ணிவிடக் கூடாது. 2022 ஒக்டோபரில் குழந்தை பெற்ற உக்ரைனின் எலினா ஸ்விட்டோலினா, தரவரிசையில் பின்தங்கியிருந்ததால் 2023இல் வைல்ட் கார்ட் மூலமே உள்ளே வந்தார். வந்தவர் காலிறுதியில் உலகின் முதல்நிலை வீராங்கனை இகா ஸ்வியாடெக்கை வீழ்த்தி அரையிறுதி வரை போனார்.

முதல் 32 பேருக்கு 'சீட்' எனப்படும் வரிசை எண் கொடுத்து, அவர்கள் ஆரம்பச் சுற்றுகளிலேயே ஒருவரோடொருவர் மோதாமல் பிரித்து வைப்பார்கள். அந்த எண் இல்லாதவர் முதல் சுற்றிலேயே மிகப் பெரிய வீராங்கனையைச் சந்திக்க நேரலாம்.

புள்ளி எண்ணும் முறைதான் புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பும். பூச்சியத்தை 'லவ்' என்பார்கள். முதற் புள்ளி 15, அடுத்தது 30, அடுத்தது ஏனோ 45 அல்ல, 40. அதற்கும் அடுத்த புள்ளியை எடுத்தால் ஒரு கேம். இருவரும் 40இல் நின்றால் 'டியூஸ்'. அதன்பின் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும். ஆறு கேம் சேர்ந்தால் ஒரு செட், ஆனால் இரண்டு கேமாவது முன்னால் நிற்க வேண்டும். 6-6 என்று வந்தால் 'டை பிரேக்'. பெண்கள் போட்டியில் மூன்றில் இரண்டு செட்டை வென்றவர் வெற்றியாளர்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு கேம் முழுக்க ஒருவரே பந்தை வழங்குவார், அதுதான் 'சேர்விஸ்'. வழங்குபவருக்கே வாய்ப்பு அதிகம், அதிலும் பந்து வழுக்கிப் பாயும் விம்பிள்டன் புற்றரையில் சொல்லவே வேண்டாம். எனவே தன் சேர்விஸ் கேமை வெல்வது கடமை போல. எதிராளியின் சேர்விஸ் கேமைப் பறிப்பதுதான் ஆட்டத்தைத் திருப்புவது. அதை 'பிரேக்' என்பார்கள். ஆட்டத்தில் 4-2 என்று பார்த்தால், ஒருவர் ஒரு பிரேக் முன்னால் நிற்கிறார் என்று வாசிக்கப் பழக வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு ஒன்ஸ் ஜாபிரின் தோல்விகள் சரியாக வலித்தன.

ஒன்ஸ் ஜாபிர் தூனீசியாவைச் சேர்ந்தவர். 1994இல் கஸர் ஹிலால் என்ற ஊரில் பிறந்து, சூசா நகரில் வளர்ந்தார். மூன்று வயதிலேயே அவரை டெனிஸ் திடலுக்குக் கூட்டிப் போனவர் அவருடைய உம்மா. 2011இல் பிரெஞ்சு பகிரங்கத் தொடரில் கனிஷ்ட சம்பியன் ஆனார். அதன்பின் பத்து வருடம் பெரிய வெற்றி வரவில்லை. 2021இல் பர்மிங்ஹாமில் வென்று, பெண்கள் தொழில்முறைத் தொடரொன்றை வென்ற முதல் அரபுப் பெண்ணானார். பந்தை ஓங்கி அடிப்பார் என்று எதிராளி பின்னால் நிற்க, வலைக்குச் சற்று அப்பால் பூப்போல இறக்கிவிடுவது அவருடைய கைவரிசை. தூனீசியாவில் அவரை 'மகிழ்ச்சி அமைச்சர்' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

2022 விம்பிள்டன் இறுதிக்கு வந்தபோது அவர் உலகின் இரண்டாம் நிலையில் இருந்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதியை எட்டிய முதல் அரபுப் பெண் அவர்தான். 1968க்குப் பின் ஆபிரிக்கக் கண்டத்திலிருந்து எட்டிய முதல் பெண்ணும் அவரே. போட்டி நாள் ஜூலை 9. தூனீசியாவில் அன்று ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் நாட்டில் அது வேறொரு நாள். கொழும்பில் நடந்ததை விட்டு வாப்பா தொலைக்காட்சியில் வேறெதையும் வைக்க விடவில்லை. மறுநாள் எங்கள் பெருநாளன்று காலையில்தான் முடிவை அறிந்தேன். முதல் செட்டை 6-3 என்று வென்ற ஜாபிர், அடுத்த இரண்டையும் 2-6, 2-6 என்று எலினா ரிபாகினாவிடம் இழந்திருந்தார்.

அந்த வருடத்தில் ஒரு விசித்திரமும் நடந்தது. உக்ரைன் யுத்தத்தால் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்கு விம்பிள்டன் தடை விதித்தது. அதை ஏற்காத மகளிர் டெனிஸ் சங்கம், அந்தத் தொடருக்குத் தரவரிசைப் புள்ளி எதுவும் இல்லை என்று அறிவித்தது. வழமையாகச் சம்பியனுக்கு 2000 புள்ளி. கஸகஸ்தானுக்காக விளையாடும் ரிபாகினா விம்பிள்டனை வென்ற பின்பும் தான் இருந்த 23ஆம் இடத்திலேயே இருந்தார். அவர் பிறந்த ஊர் மொஸ்கோ என்பதையும் சேர்த்து யோசித்தால், தடையால் யாருக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

2023இல் ஜாபிர் மீண்டும் வந்தார். காலிறுதியில் அதே ரிபாகினாவை, முதல் செட்டை இழந்த பின் வென்றார். அரையிறுதியில் சபலென்காவையும் அப்படியே முதல் செட்டை இழந்துதான் வென்றார். இறுதியில் எதிரே நின்றவர் செக் நாட்டின் மார்கெட்டா வொண்ட்ரூசோவா. தரவரிசை 42, சீட் எண்ணே இல்லை. முந்திய வருடம் மணிக்கட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின் கையில் கட்டோடு விம்பிள்டனைப் பார்க்க வந்தவர். வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட அவருடைய கணவர், இறுதிக்குத்தான் ஆள் பிடித்து வைத்துவிட்டு வந்தாராம்.

லண்டனில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 6.30. மஃரிப் தொழுதுவிட்டு ஓடி வந்தேன். ஜாபிர் முதல் செட்டில் 4-2 என்று முன்னால் போனார். அங்கிருந்து தொடர்ச்சியாக நான்கு கேம்களை இழந்தார். இரண்டாம் செட்டில் 3-1 என்று மீண்டும் முன்னால். அதையும் 4-6 என்று இழந்தார். எதிராளி அடித்து வீழ்த்தியதை விட, வலையிலும் கோட்டுக்கு வெளியிலும் அவரே போட்ட பந்துகள்தான் அதிகம் வலித்தன. பரிசளிப்பில் அழுதுகொண்டே, இதுதான் தன் வாழ்வின் மிக வேதனையான தோல்வி என்றார். விம்பிள்டனை வென்ற, சீட் எண் இல்லாத முதல் பெண் என்று வொண்ட்ரூசோவா வரலாற்றில் ஏறினார்.

அவர் கையில் உயர்ந்தது கிண்ணம் அல்ல, வட்டமான வெள்ளித் தட்டு. ஆண்களுக்குக் கிண்ணம், பெண்களுக்கு 1886 முதல் இந்தத் தட்டு. அதன் பெயரே பன்னீர்த் தட்டு என்பதுதான். இப்படிப்பட்ட தட்டுகள் விருந்தில் கைகழுவப் பன்னீர் ஏந்தியவை. எங்கள் கலியாண வீடுகளில் சஹனைச் சுற்றி உட்கார்ந்ததும் கைகழுவத் தண்ணீரும் பாத்திரமும் கொண்டுவருவார்களே, அதே வேலை. முதல் இறுதித் தோல்விக்கு முன்பு ஜாபிர் தன் கைபேசித் திரையில் வைத்திருந்த படம் இந்தத் தட்டுத்தான்.

1884இல் பெண்களுக்கான முதல் விம்பிள்டனில் விளையாடியவர்கள் 13 பேரே. மோட் வொட்சன் என்பவர் இறுதியில் தன் சகோதரி லிலியனை வென்றார். பரிசு 20 கினி பெறுமதியான வெள்ளிப் பூக்கூடை. 1968இல் தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறந்தபோது ஆண்கள் சம்பியன் ரொட் லேவருக்கு 2000 பவுண். பெண்கள் சம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750. 1970இல் அமெரிக்கத் தொடர் ஒன்றில் ஆண்களுக்கு 12,500 டொலர், பெண்களுக்கு 1,500 என்று அறிவித்தார்கள். கிங்கும் இன்னும் எட்டுப் பெண்களும் ஹூஸ்டன் நகரில் ஆளுக்கு ஒரு டொலருக்கு ஒப்பந்தம் செய்து தனித் தொடர் தொடங்கினார்கள். அதற்குக் காசு போட்டது ஒரு சிகரட் கம்பனி என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் வேறு யாரும் முன்வரவில்லை. 1973இல் மகளிர் டெனிஸ் சங்கம் பிறந்தது. அதே வருடம் அமெரிக்க பகிரங்கத் தொடர் பரிசைச் சமமாக்கியது. விம்பிள்டன் சமமாக்கியது 2007இல். 34 வருடம் பிந்தி! அந்தச் சமமான காசை முதலில் பெற்ற பெண், அதற்காக வாதாடி வந்த வீனஸ் வில்லியம்ஸ்.

இனி நானாவுக்கு. ஐந்து செட் விளையாட முடியாது என்று பெண்கள் சொல்லவில்லை. 1984 முதல் 1998 வரை பெண்களின் வருட இறுதித் தொடரின் இறுதிப் போட்டி ஐந்து செட் முறையில்தான் நடந்தது. 1990இல் செலஸும் சபடினியும் ஐந்தாவது செட் வரை போனார்கள். விம்பிள்டனில் எத்தனை செட் என்று தீர்மானிப்பவர்கள் ஏற்பாட்டாளர்கள், விளையாடும் பெண்கள் அல்லர். இன்னொன்று, காசு மணித்தியாலக் கணக்கில் கொடுக்கப்படுவதே இல்லை. ஆண்கள் இறுதியில் ஒருவர் மூன்று செட்டில் விரைவாக வென்றால் யாராவது பரிசைக் குறைக்கிறார்களா? இதைக் கேட்டதும் நானா, "அது வேறு" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

நானாவிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. விம்பிள்டனில் எல்லாரும் வெள்ளை உடைதான் அணிய வேண்டும், உள்ளாடை உட்பட. மாதவிடாய் நாட்களில் அந்த வெள்ளையோடு உலகம் பார்க்கும் திடலில் ஓடுவதன் பயத்தை வீராங்கனைகள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். பாவாடைக்குள் கடும்நிறக் காற்சட்டை அணியலாம் என்று 2022 நவம்பரில் விதி மாற்றப்பட்டு, 2023 தொடரில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் சீருடையும் வெள்ளைதான். வகுப்பில் எழும்பும்போது, "பின்னால் பாரடி" என்று தோழியிடம் கிசுகிசுக்காத ஒருவர் இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டார்.

இதை உம்மாவிடம்தான் சொன்னேன். சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தவர், "பொம்பளைப் புள்ளைகள் அங்க விளையாடத் தொடங்கி எத்தன வருஷம்?" என்று கேட்டார்.

"நூற்றி முப்பத்தொன்பது."

"அவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கல்லயா?" என்றார் உம்மா.