விளையாட்டு சோறு போடுமா?

"விளையாட்டு சோறு போடுமாடி?" என்று மகளைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவளைப் போனில் இன்டர்வியூ செய்தது. முக்கியமான கேள்வியின்போது என் குக்கர் விசிலடித்தது. வாசலில் காய்கறிக்காரர் குரல் வேறு. தடுமாறிவிட்டாள். அன்றிரவு அவள் அழுததைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்து வேறொரு கம்பெனி அழைத்ததும், ஒத்திகைக்கு நானே உட்கார்ந்தேன்.

"உனக்குப் பிடிச்ச கேம் எது? ஏன்?"

"வெண்பா" என்றாள். டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டதாம். 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியதாம். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் கதை. அவள் கொண்டுபோன சமையல் குறிப்பு நோட்டு கிழிந்திருக்கும். விட்டுப்போன பக்குவத்தை ஆடுபவரே யோசித்து இட்லி, புட்டு செய்ய வேண்டும்.

"இட்லித் தட்டை அடுக்குறப்போ குழிக்கு மேல குழி வரக்கூடாதே!" என்றேன்.

"அம்மா, நீ சொல்ற மாதிரி பக்குவம்தான் அங்கே புதிரே!" என்று துள்ளினாள். கேமே ஆடாத எனக்குப் புரியும்வரை சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

போனில் முகம் தெரியாது, குரல்தான் எல்லாம். அதனால் முக்கியக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்தோம். அன்று விடியற்காலையிலேயே சமையலை முடித்து, காலிங்பெல்லை அணைத்துவிட்டு, நான் கபாலீஸ்வரர் கோவில் குளக்கரைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, சகோதரிகளே, இனி அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன்.

– ஒரு வாசகி, மயிலாப்பூர்