பால் கொடுக்கும் நாட்களில் மாதவிடாய் வலி

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து, கேழ்வரகுக் கூழோ குழைத்த பருப்புச் சோறோ ஊட்டத் தொடங்கிய கொஞ்ச நாளில் பல தாய்மார்களுக்கு மாதவிடாய் திரும்பிவிடுகிறது. சிலருக்குப் பிரசவமான இரண்டு, மூன்று மாதத்திலேயே வரும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வராது. எல்லாமே இயல்புதான். குழந்தை பால் குடிக்கக் குடிக்க உடம்பில் புரோலாக்டின் சுரக்கிறது. அது இருக்கும்வரை கருமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோன்கள் அடங்கியிருக்கும். ராத்திரிப் பால் குறைந்தாலோ, புட்டிப்பாலோ சோறோ சேர்ந்தாலோ அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது.

மாதவிடாயோடு பழைய வலியும் வந்து சேரும்போதுதான் சங்கடம். அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறது, இடுப்பு கழன்றுவிடும்போல் இருக்கிறது, மடியில் பிள்ளை பாலுக்கு அழுகிறது. மாத்திரை போட்டால் பாலில் இறங்கிவிடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். நாட்டு மருந்துக்கு ஒரு தீங்கும் கிடையாது என்று நம்பி, யார் எதைச் சொன்னாலும் அரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். கையில் இருப்பது சுக்கோ மாத்திரையோ, இது பாலில் எவ்வளவு போகும், போனால் பிள்ளையை என்ன செய்யும் என்பதைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் அஞ்சறைப் பெட்டியிலேயே நல்லதும் உண்டு, தள்ளி வைக்க வேண்டியதும் உண்டு.

வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். கரு தங்காத மாதத்தில் கருப்பையின் உள்வரி உதிரும்போது அங்கே புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருங்க வைக்கிறது. தசை இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நசுங்கி, தசைக்கு ரத்தம் போதாமல் வலிக்கிறது. இதே பொருள் கொஞ்சம் ரத்தத்திலும் கலப்பதால்தான் சிலருக்கு அந்த நாட்களில் வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி எல்லாம் சேர்ந்து வருகின்றன. முதல் இரண்டு, மூன்று நாளோடு இது பெரும்பாலும் அடங்கிவிடும். பிரசவமான முதல் வாரத்தில் பால் கொடுக்கும்போதெல்லாம் வயிறு சுருட்டுவது இதிலிருந்து வேறு. பால் இறங்கச் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைப் பழைய அளவுக்குச் சுருக்குவதால் வருவது அது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிட வேண்டும். மாதவிடாய் நாளில் தாய்ப்பால் கெட்டுப்போவதில்லை, திரிவதில்லை, தீட்டாவதும் இல்லை. மாதவிடாயை ஒட்டிச் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் பால் குறைந்தாற்போல் இருக்கும், காம்பு கூசும், பிள்ளை கொஞ்சம் சிணுங்கும். அடிக்கடி மார்பில் போட்டால் சரியாகிவிடும். அந்த நாட்களைக் காரணம் காட்டித் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டியைக் கையில் கொடுக்கும் பெரியவர்களிடம் இதை உறுதியாகச் சொல்லுங்கள்.

இனி வலிக்கு வருவோம். பிள்ளைக்கு எந்த வகையிலும் போய்ச் சேராத முதல் மருந்து சூடு. ஒத்தடத்தைக் கைவைத்தியம் என்று லேசாக எண்ண வேண்டாம். அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டைத் தொடர்ந்து வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-ல் வந்தது. அந்தச் சூடு ஐபுபுரூஃபென் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்திருந்தது. சூடு இறுகிய தசையைத் தளர்த்துகிறது, நசுங்கிய இடத்துக்கு ரத்தத்தை வரவைக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஐந்து நிமிடம் வைத்து எடுப்பதைவிட இதமான சூட்டை நெடுநேரம் வைத்திருப்பதே பலன் தரும்.

வெந்நீர்ப் பை இருந்தால், கொதிநீரைச் சற்று ஆறவிட்டு மூன்றில் இரண்டு பங்குக்கு ஊற்றுங்கள். மேலே இருக்கும் காற்றைப் பையை அழுத்தி வெளியேற்றிய பிறகு மூடியை இறுக்குங்கள். அப்போதுதான் வயிற்றோடு படிந்து உட்காரும். மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். பை இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். தவாவில் வறுத்த கல் உப்பைத் துணியில் முடிந்தும் ஒற்றலாம், முதலில் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு. சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும். அங்கே சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அதனால் தழும்பின் மேல் வைக்காமல் அதற்கு மேலேயோ இடுப்பின் பின்பக்கமோ வையுங்கள். பால் கொடுக்க உட்காரும்போது பையை எடுத்து எட்ட வைத்துவிட வேண்டும். பிள்ளையின் கால் வயிற்றின் மேல்தான் கிடக்கும், அந்தத் தோல் நம்முடையதைப்போல் தாங்காது.

விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி அடிவயிற்றில் தேய்ப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். சூடும் கையின் அழுத்தமும் சேர்வதால் இதமாகத்தான் இருக்கும், தடையில்லை. தேய்த்த கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் போதும். வயிறு சுத்தமாகட்டும் என்று அதே விளக்கெண்ணெயைக் குடிப்பது மட்டும் வேண்டாம்.

தைலம், பாம் வகைகளை இப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலானவற்றில் கற்பூரமும் மென்தாலும் இருக்கின்றன. கற்பூரம் கைக்குழந்தையின் உடம்பில் ஏறினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். இடுப்பு முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டு பிள்ளையை அணைத்துப் படுப்பது ஆபத்து. கைக்குழந்தை வீட்டில் அதை ஒதுக்கியே வையுங்கள்.

சமையலறையில் வலிக்கென்று நான் முதலில் சொல்வது சுக்கு. இஞ்சி வகையில் நடந்த பல ஆய்வுகளில், மாதவிடாயின் முதல் மூன்று நாள் தினமும் 750 முதல் 2000 மில்லிகிராம் வரை உலர்ந்த பொடி கொடுத்திருக்கிறார்கள், பலருக்கு வலி குறைந்திருக்கிறது. நம் கணக்கில் அது அரைத் தேக்கரண்டியிலிருந்து ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். கருப்பட்டி போட்ட சுக்குக் காபி காலை ஒரு தம்ளர், மாலை ஒரு தம்ளர் என்றால் இந்த அளவு வந்துவிடும். உணவாகச் சாப்பிடும் அளவில் இது பால் குடிக்கும் பிள்ளைக்குத் தொந்தரவு தருவதாகத் தெரியவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒரு வாய் குடித்துவிட்டுக் குணம் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது. உதிரம் தெரிந்த அன்றே, முடிந்தால் அறிகுறி தெரியும்போதே ஆரம்பிக்க வேண்டும்.

சீரகத் தண்ணீரும் பெருங்காயம் போட்ட மோரும் வயிற்று உப்புசத்துக்கு இதம், அந்த நாட்களில் அதுவும் ஒரு உதவிதான். சோம்பு, வெந்தயம் இரண்டும் சமையல் அளவில் இருக்கட்டும். பால் ஊறும் என்று வெந்தயத்தை அள்ளிப் போட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் வயிறு பொருமலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை தாழவும் வாய்ப்புண்டு. சோம்பும் அதிமதுரமும் சேர்ந்த மூலிகைத் தேநீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த தாய்மாரின் பச்சைக் குழந்தைகள் துவண்டு, சரியாகப் பால் குடிக்காமல் போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. நிறுத்தியதும் தேறிவிட்டன. ஒரு கப்பில் வராத கெடுதல் ஒரு குடத்தில் வரும்.

மாதவிடாய்க் கோளாறு என்றாலே கற்றாழையைக் கைகாட்டுகிறார்கள். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து, பால் கொடுப்பவர் உள்ளுக்குள் எடுக்க ஏற்றதல்ல. அசோகாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் நொதித்து உண்டாகும் சாராயம் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பதை லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போனாலும் பால் கொடுக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள். நல்ல வைத்தியர் அதற்கேற்ப மருந்தை மாற்றித் தருவார்.

உடம்பை அசைப்பதிலும் பலன் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் நடையோ யோகாவோ செய்தவர்களுக்கு மாதவிடாய் வலி குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்காரிக்கு ஒரு மணி நேரம் யார் தருவார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், வீட்டிலிருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சாயந்திரம் கணவரோ மாமியாரோ பிள்ளையை வாங்கிக்கொண்டால் தெருவில் நடந்துவிட்டு வரலாம். வலி இருக்கும் நாளில் தரையில் மண்டியிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி, முதுகை மெல்ல மேலே வளைத்துக் கீழே இறக்குவதும், முழங்காலை மடக்கிக் குழந்தை படுப்பதுபோல் குப்புறக் கவிழ்ந்திருப்பதும் இடுப்புக்கு இதம் தரும். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சரி என்ற பிறகு செய்யட்டும்.

பால் கொடுக்கும்போதே வயிறு கூடுதலாகப் பிடிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். இடுப்பின் பாரம் இறங்கும். கண் அசந்துவிடும்போல் இருந்தால் பிள்ளையைத் தூக்கித் தனியே படுக்கவைக்க ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்து வலி அடங்காவிட்டால் மாத்திரை போடுவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். வலியில் துடிக்கும் தாய்க்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்காது. பாராசிட்டமால் பால் கொடுப்பவருக்கு ஏற்றது. ஐபுபுரூஃபென் பாலில் மிக மிகக் குறைவாகவே போகிறது, புராஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுப்பதால் இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வலி மாத்திரையால் வீசிங் வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் போய் "பீரியட்ஸ் வலிக்கு மாத்திரை" என்று கேட்டால், பெரும்பாலும் கையில் வருவது மெஃபெனாமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரை. கல்யாணத்துக்கு முன்னிருந்தே போட்டுப் பழகியது, அதனால் யோசிக்கத் தோன்றாது. டைசைக்ளோமின் பால் கொடுக்கும் தாய்க்கு ஆகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தபோது மூச்சுத்திணறல் வந்திருக்கிறது, அதனாலேயே அந்த வயதுக்கு அது விலக்கப்பட்டது. அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். ஆஸ்பிரின், டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகளும் இந்த நாட்களில் வேண்டாம்.

வலி திடீரெனக் கூடியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி பொருத்துவது இங்கே பரவலான வழக்கம். முதல் சில மாதங்களுக்கு அதனால் உதிரமும் வலியும் கூடுவது உண்டு, பெரும்பாலும் தானாகக் குறையும். குறையவில்லையென்றால் போட்ட இடத்திலேயே காட்டுங்கள். காப்பர்-டி போடாதவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம், பால் கொடுப்பதையே முழுக்க நம்ப முடியாது. நாள் தள்ளிப்போய் ஒரு பக்க அடிவயிறு கடுமையாக வலித்தால் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு மாதவிடாய் வலி முன்பைவிடக் குறையும். உங்களுக்கு மாதாமாதம் கூடிக்கொண்டே போனாலோ, மாதவிடாய் இல்லாத நாளிலும் உறவின்போதும் வலித்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். சிசேரியன் தழும்பில் சின்னக் கட்டி தட்டுப்பட்டு, மாதவிடாய் நாட்களில் மட்டும் அது வீங்கி வலிக்கிறது என்றால், கருப்பையின் உள்வரி தழும்புக்குள் ஒட்டி வளர்ந்திருக்கக்கூடும். ஸ்கேனில் தெரியும், சிறு அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். தையல் வலி என்று நினைத்து வருடக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டி எந்த நாளில் வலிக்கிறது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.