அணுத்துகள் உலகில் ஒரு முத்துக்குளிப்பு

நமது தூத்துக்குடிக் கடல் முத்துக்குப் பெயர் பெற்றது என்பதை அனைவரும் அறிவோம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குவியல் குவியலாகச் சிப்பிகளை அள்ளி வந்தாலும், நல்முத்து கிடைப்பது அரிதாகவே இருந்தது. இன்றைய விஞ்ஞானிகளும் இத்தகைய முத்துக்குளிப்பில்தான் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் தேடும் முத்து, அணுவினும் சிறிய துகள். சிப்பியைத் திறந்து பார்க்கும் வேலையைச் செய்வது கணிப்பொறி!

சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே 'செர்ன்' என்னும் ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. அங்கே பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று உண்டு. அதனுள் புரோட்டான் கற்றைகளை எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்கிறார்கள். மோதலில் தோன்றி மறையும் துகள்களின் தடங்களை, 14,000 டன் எடையுள்ள 'சி.எம்.எஸ்.' என்னும் கருவி பதிவு செய்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இச்சோதனையில் பங்கு பெற்றுள்ளன என்பது நமக்குப் பெருமை.

சோதனை நடக்கும்போது கற்றைகள் வினாடிக்குச் சுமார் 4 கோடி முறை சந்திக்கின்றன. அத்தனையையும் சேமித்து வைக்க இயலுமா? இயலாது. ஆகவே ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ நான்கு பங்கு நேரத்துக்குள், எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யப்படுகிறது. மிஞ்சுவது வினாடிக்குச் சுமார் 1 லட்சம். அடுத்த கட்டத்தில் அதுவும் சில ஆயிரமாகக் குறைகிறது. விட்டது விட்டதுதான், மீண்டும் கிடைக்காது.

முன்னாளில் இவ்வேலையை மனிதக் கண்களே செய்தன. 1940-களின் தொடக்கத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த பிபா சௌத்ரி என்னும் பெண் விஞ்ஞானி, டார்ஜிலிங் மலைப்பகுதியில் வைத்து எடுத்த புகைப்படத் தகடுகளை நுண்ணோக்கியில் பொறுமையுடன் பார்த்து, விண்கதிர்த் துகள்களின் தடங்களை ஆராய்ந்தார்.

இன்றோ, பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் கணிப்பொறிக்கே பாடம் கற்பிக்கிறார்கள். எவ்வாறு? "இது வேண்டிய தடம், இது வேண்டாதது" என்று லட்சக்கணக்கான மாதிரிகளைக் காட்டுகிறார்கள். தவறாக விடை சொல்லும்போதெல்லாம் கணிப்பொறி தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. இதற்கு 'இயந்திரக் கற்றல்' என்று பெயர். ஏறத்தாழ நூறு கோடி மோதல்களுக்கு ஒரு முறையே தோன்றும் ஹிக்ஸ் துகளைத் தேடியபோது இம்முறை துணை நின்றது. அக்கண்டுபிடிப்பு 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கேள்வி பதிலை மனப்பாடம் செய்த மாணவி புதிய கேள்வியைக் கண்டு விழிப்பாள் அல்லவா? அதுபோல, தெரிந்த துகள்களை மட்டும் கற்ற இயந்திரம், இதுவரை எவரும் கண்டிராத துகளைக் குப்பையென்று தள்ளிவிடக்கூடும். எனவே 2024-ல் சி.எம்.எஸ். கருவியில் வேறொரு வழியும் கையாளப்பட்டது. சாதாரணமாக நிகழும் மோதல்களை இயந்திரத்துக்குப் பழக்கினார்கள். அவற்றோடு ஒத்துப்போகாதது எதுவாயினும் எடுத்து வைக்கச் செய்தார்கள்.

அவ்வாறு எடுத்து வைத்தது புதுமையா, கருவியின் கோளாறா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் மனிதரே. இயந்திரம் சல்லடை, முத்தின் மதிப்பை அறிவது மனித அறிவு. பௌதிகமும் கணிதமும் பெண்களுக்குக் கடினம் என்போருக்கு பிபா சௌத்ரி அன்றே விடை கூறிவிட்டார். தோழியரே, மனப்பாடத்தோடு நின்றுவிடாமல், "இது ஏன் மாறுபடுகிறது?" என்று கேட்கும் பழக்கத்தை நாமும் வளர்த்துக்கொள்வோமாக!