பேஸ்பாலுக்குள் வந்த கடிகாரம்: ரசிகர்கள் ஏற்றது எது, ஏற்காதது எது?

நியூயார்க்கில் 2024 ஜூன் 12 அன்று நடைபெற்ற டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில், அமெரிக்காவை எதிர்கொண்ட இந்திய அணிக்கு ஒரு பந்தையும் அடிக்காமலேயே 5 ரன்கள் கிடைத்தன. முந்தைய ஓவர் முடிந்த 60 நொடிகளுக்குள் அடுத்த ஓவரைத் தொடங்க அமெரிக்க அணி மூன்றாவது முறையாகத் தவறியதற்கான அபராதம் அது. 30 பந்துகளில் 35 ரன்கள் என்றிருந்த இலக்கு, 30 பந்துகளில் 30 ரன்கள் எனச் சுருங்கியது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு அந்தக் கடிகாரம் புதிதாக இருந்தது. ஆனால், அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள் அதற்கு ஓராண்டு முன்பே இதைவிடக் கடுமையான ஒரு கடிகாரத்துக்குப் பழகத் தொடங்கியிருந்தனர். காலக்கெடு இல்லாத ஆட்டம் என்பதையே பெருமையாகக் கருதிய விளையாட்டில், ஒவ்வொரு பந்துக்கும் நொடிக்கணக்கு வகுக்கப்பட்டது. அதன் பிறகு ரசிகர்களிடையே எழுந்த விவாதம், ஒரு விளையாட்டில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகிறது.

நேரம் எங்கே போனது?

பேஸ்பாலில் ஓர் ஆட்டம் 9 இன்னிங்ஸ்களைக் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் தலா மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை பேட் செய்யும். 1980-களின் முற்பகுதியில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடிந்த 9 இன்னிங்ஸ் ஆட்டம், 2021-இல் சராசரியாக 3 மணி 10 நிமிடங்களாக நீண்டிருந்தது. இன்னிங்ஸ்களின் எண்ணிக்கை கூடவில்லை. பந்துகளுக்கு இடையிலான இடைவெளிதான் கூடியது.

பந்துவீச்சாளர் மேட்டிலிருந்து இறங்கி நடப்பார். பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கோட்டைவிட்டு விலகிக் கையுறையைச் சரிசெய்வார். 1970-களிலும் 80-களிலும் ஆடிய மைக் ஹார்க்ரோவ் என்ற பேட்டருக்கு இந்தப் பழக்கத்துக்காகவே 'மனித மழைத்தடை' என்று பொருள்படும் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. அன்று கேலிக்குரியதாக இருந்த அந்தத் தாமதம், பிற்காலத்தில் பலரின் வழக்கமாகிப் போனது.

விதி சொல்வது என்ன?

மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2023 சீசனில் பந்துவீச்சுக் கடிகாரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேஸ்களில் எதிரணி வீரர் எவரும் இல்லையெனில் 15 நொடிகளுக்குள்ளும், இருந்தால் 20 நொடிகளுக்குள்ளும் பந்துவீச்சாளர் பந்தை எறியத் தொடங்க வேண்டும் என்று அந்த ஆண்டு வகுக்கப்பட்டது. தவறினால் பேட்டருக்குச் சாதகமாக ஒரு 'பால்' அளிக்கப்படும். கடிகாரத்தில் 8 நொடிகள் எஞ்சியிருக்கும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும். இல்லையெனில் அவருக்கு எதிராக ஒரு 'ஸ்ட்ரைக்' பதிவாகும். நான்கு 'பால்' பெற்றால் பேட்டர் முதல் பேஸுக்குச் செல்லலாம். மூன்று 'ஸ்ட்ரைக்' ஆனால் ஆட்டமிழப்பார் என்பதால், இது சிறிய தண்டனை அன்று.

அதே ஆண்டில் மேலும் இரு மாற்றங்கள் வந்தன. பேஸ்களின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கப்பட்டது. உள்களத் தடுப்பாளர்கள் நால்வரும் ஒரே பக்கம் குவிவது தடை செய்யப்பட்டு, இரண்டாம் பேஸின் இருபுறமும் இருவர் வீதம் நிற்பது கட்டாயமானது.

முதல் சோதனை 2023 பிப்ரவரியில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றிலேயே வந்தது. அட்லாண்டா பிரேவ்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிகள் 6-6 எனச் சமநிலையில் இருந்தபோது, ஒன்பதாவது இன்னிங்ஸின் இறுதியில் அட்லாண்டா பேட் செய்துகொண்டிருந்தது. மூன்று பேஸ்களிலும் வீரர்கள் நின்றனர், இருவர் ஆட்டமிழந்திருந்தனர், மூன்று 'பால்', இரண்டு 'ஸ்ட்ரைக்'. அடுத்த பந்து முடிவைச் சொல்லும் என்ற தருணத்தில், பேட்டர் தயாராகவில்லை என்று கூறி நடுவர் மூன்றாவது 'ஸ்ட்ரைக்' வழங்கினார். பந்து எறியப்படாமலேயே ஆட்டம் முடிந்தது. உலகத் தொடரின் இறுதி ஆட்டமும் இப்படி முடிந்தால் என்ன செய்வது என்ற அச்சம் ரசிகர்களிடையே பரவியது.

எண்கள் காட்டுவது

அந்த அச்சம் மெய்ப்படவில்லை. வீரர்கள் விரைவில் கடிகாரத்துக்குப் பழகிக்கொண்டனர். 2022-இல் 3 மணி 4 நிமிடங்களாக இருந்த சராசரி ஆட்ட நேரம், 2023-இல் 2 மணி 40 நிமிடங்களாகக் குறைந்தது. மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிய 9 இன்னிங்ஸ் ஆட்டங்கள் 2021-இல் ஏறத்தாழ 390. 2023-இல் வெறும் 9.

மைதானங்களுக்கு வந்தோர் எண்ணிக்கை 2023-இல் 7 கோடியைக் கடந்தது. முந்தைய ஆண்டைவிட இது 9 சதவீதத்துக்கும் அதிகமான உயர்வு. இந்த உயர்வு முழுவதையும் கடிகாரத்தின் கணக்கில் எழுத முடியாது என்றாலும், விதி மாற்றம் ரசிகர்களை விரட்டிவிடும் என்ற வாதம் வலுவிழந்தது. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு வீரர் தந்திரமாக ஓடிக் கைப்பற்றும் 'பேஸ் திருட்டு' 2,486-இலிருந்து 3,503 ஆகப் பெருகியது.

மறுநாள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய குழந்தைகளுடன் இரவு ஆட்டத்துக்கு வரும் பெற்றோருக்கு இருபது நிமிடம் பெரிய வேறுபாடு. அதேவேளையில், பந்துக்கும் பந்துக்கும் இடையே அருகிலிருப்பவருடன் உரையாடுவதும், கையிலுள்ள அட்டையில் ஆட்டத்தைக் குறித்துக்கொள்வதுமே மைதான அனுபவம் என்று வாழ்ந்த மூத்த ரசிகர்கள் சிலருக்கு இது இழப்பு. நெருக்கடியான கட்டத்தில் பந்துவீச்சாளர் எடுத்துக்கொள்ளும் நீண்ட மூச்சும் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது அவர்களின் வாதம். ஆட்டம் விரைவில் முடிவதால் வணிகம் பாதிக்கப்படாமல் இருக்க, வழக்கமாக ஏழாவது இன்னிங்ஸுடன் நிறுத்தப்படும் பீர் விற்பனையை எட்டாவது இன்னிங்ஸ் வரை சில அணிகள் நீட்டித்ததும் விமர்சனத்துக்கு உள்ளானது.

ஏற்கப்படாத மாற்றங்கள்

கடிகாரத்துக்குக் கிடைத்த வரவேற்பு எல்லா மாற்றங்களுக்கும் கிடைக்கவில்லை. 2020-இல் கொரோனா காலத்தில் அறிமுகமான ஒரு விதிப்படி, ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் இன்னிங்ஸுக்குச் சென்றால், ஒவ்வோர் இன்னிங்ஸும் இரண்டாம் பேஸில் ஒரு வீரர் நிற்கும் நிலையிலேயே தொடங்கும். ஆட்டத்தை விரைந்து முடிக்கும் இந்த விதி 2023-இல் நிரந்தரமாக்கப்பட்ட பிறகும், உழைத்துப் பெறாத இடத்தில் ஒருவரை நிறுத்துவது முறையா என்ற மனக்குறை ரசிகர்களிடம் தொடர்கிறது. வெற்றியாளரை நிர்ணயிக்கும் பிளே-ஆஃப் சுற்றில் இந்த விதி இன்றளவும் பயன்படுத்தப்படுவதில்லை. ஒரே நாளில் இரு ஆட்டங்கள் நடக்கும்போது அவற்றை 7 இன்னிங்ஸ்களாகச் சுருக்கிய ஏற்பாடும் 2022-இல் கைவிடப்பட்டது.

இங்கேதான் வேறுபாடு புலப்படுகிறது. கடிகாரம், எவரும் பார்க்க வராத நேரத்தை வெட்டியது. 9 இன்னிங்ஸ்களும் அப்படியே இருக்கின்றன. இரண்டாம் பேஸில் இலவசமாக நிற்கும் வீரரோ போட்டியின் கணக்கையே மாற்றுகிறார். முதலாவதற்கு ரசிகர்கள் பழகிக்கொண்டனர். இரண்டாவதைச் சகித்துக்கொள்கின்றனர்.

தீராத கேள்விகள்

கடிகாரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. தடுப்பாளர்கள் குவிவதைத் தடை செய்த பிறகு 2023-இல் .248 ஆகச் சற்று உயர்ந்த லீக் பேட்டிங் சராசரி, 2024-இல் மீண்டும் .243-க்கே திரும்பியது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எட்டு முறைக்கு மேல் 'ஸ்ட்ரைக்' முறையில் ஆட்டமிழக்கிறது. ஆட்டம் விரைவாகியுள்ளதே தவிர, பந்து களத்தில் உருளும் தருணங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

வீரர்களின் கவலை வேறு. விதிகளை முடிவு செய்யும் குழுவில் அணி நிர்வாகங்களின் பிரதிநிதிகளே பெரும்பான்மையினர். அங்கிருந்த வீரர்கள் கடிகாரத்துக்கு எதிராகவே வாக்களித்தனர். 2024-இல் 20 நொடி 18 ஆகக் குறைக்கப்பட்டபோது, ஓய்வு நேரம் குறைவது பந்துவீச்சாளர்களின் கை காயங்களை அதிகரிக்கும் என வீரர்கள் சங்கம் எச்சரித்தது. பந்துவீச்சின் வேகம் ஆண்டுதோறும் கூடுவதே முதன்மைக் காரணம் என்பது லீக்கின் நிலைப்பாடு. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அடுத்த மாற்றமாக, 2026 சீசன் முதல் 'பால்', 'ஸ்ட்ரைக்' தீர்ப்புகளை எதிர்த்துத் தொழில்நுட்ப உதவியுடன் முறையிடும் வசதிக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. கிரிக்கெட்டின் டிஆர்எஸ் போன்ற இம்முறையில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வாய்ப்புகள். முறையீடு சரியென்றால் வாய்ப்பு குறையாது. நடுவரை முற்றிலும் நீக்கிக் கருவியிடம் ஒப்படைக்கும் முறையும் சோதிக்கப்பட்டது. ஆனால், மனிதத் தீர்ப்பை வைத்துக்கொண்டு பெரிய பிழையை மட்டும் திருத்தும் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் மைதானத்தில் 2018 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீடித்து, 7 மணி 20 நிமிடங்களில் முடிந்தது. அதே மைதானத்தில் 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டமும் 18 இன்னிங்ஸ் வரை சென்றது. முடிய 6 மணி 39 நிமிடங்கள் ஆயின. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தும் நள்ளிரவைத் தொட்ட அந்த ஆட்டத்தை, நீளமாக இருந்தது என்பதற்காக ரசிகர்கள் குறை கூறவில்லை. மறக்க முடியாத இரவு என்றே கொண்டாடினர். நீண்ட ஆட்டம் அவர்களுக்கு ஒருபோதும் சுமையாக இருந்ததில்லை. ஆட்டமே நடக்காத நேரம்தான் சுமையாக இருந்தது.