தவணைக்குத் தவணை துணையாக

பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான சிறுவர்களின் குடும்பங்களோடு நீதிமன்றம் சென்று வருவது எனது பணிகளுள் ஒன்று. முறைப்பாடு செய்யும் நாளில் உறவும் அயலும் திரண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். நாலாம், ஐந்தாம் தவணையில் தாயும் பிள்ளையும் மாத்திரமே நிற்பார்கள். குடும்பம் மனந்தளர்வது அப்போதுதான்.

பொலிஸ் விசாரணை, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, நீதவான் நீதிமன்றம் என்பவற்றைத் தாண்டிக் கோவை சட்டமா அதிபரிடம் செல்கிறது. அவர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பின்பே மேல் நீதிமன்றில் விளக்கம் தொடங்கும். இதற்குச் சில வருடங்கள் எடுக்கலாம். இதை முதல் நாளே தாய்க்குச் சொல்லிவிட வேண்டும்.

இடையில், "பொம்பிளைப் பிள்ளையின்ர எதிர்காலத்தைப் பாக்கவேணும், கதைச்சு முடிப்பம்" என்று பெரியவர்கள் வருவார்கள். யுத்தத்தில் கணவனை இழந்து, நாட்கூலியில் குடும்பம் நடத்தும் தாய்க்கு இந்தப் பேச்சைத் தாங்குவது கடினம். ஆனால் இக்குற்றத்தைச் சமரசமாக முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வழக்கை நடத்துவது அரசு. அதற்கு நாம் பணம் கட்டத் தேவையில்லை. பிள்ளையின் நலனைக் கவனிக்கச் சட்டத்தரணி வேண்டுமாயின் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும்.

சகோதரிகளே, சில விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

பிள்ளை சம்பவத்தின்போது அணிந்திருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் இட்டுப் பொலிஸாரிடம் கொடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பின்பே கையெழுத்திடுங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்லிக் கொடுக்க வேண்டாம். "நடந்ததைச் சொல்லு, ஞாபகம் இல்லாட்டி ஞாபகம் இல்லையெண்டு சொல்லு" என்பதே போதும். சிறுவரின் சாட்சியத்தை வீடியோவில் பதிவு செய்ய 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. இதுபற்றிப் பொலிஸ் சிறுவர், மகளிர் பிரிவில் கேளுங்கள்.

அயலில் உள்ளவர்களுக்கும் வேலை உண்டு. தவணை நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பஸ் காசுக்கு உதவலாம். மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் முறை வைத்துக் கூடப் போகலாம். நடந்ததைத் துருவிக் கேளாமல் பக்கத்தில் இருந்தாலே போதும். "நீங்கள் வந்தபடியால்தான் பிள்ளை கூண்டில ஏறினவள்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

ஆலோசனைக்கும் முறைப்பாட்டுக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. உங்கள் ஊரில் இப்படியொரு வழக்கு நடந்தால், அடுத்த தவணை எப்போதென்று அந்தத் தாயிடம் கேளுங்கள்.